இரண்டாவது தூதனைக் கண்டறிந்த சதர்லாண்டு

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவன்)

காலையில் உண்ட உணவு நண்பகலுக்குள் செரித்துவிடுகிறது. அதன் பின்னரும் மனிதன் நடக்கிறான், ஏர் பிடிக்கிறான், மூட்டை சுமக்கிறான். இரவு முழுவதும் ஒரு கவளமும் உண்ணாமல் உறங்குகிறான். ஆனால் இதயமோ ஒரு கணமும் ஓய்வதில்லை. இதற்கெல்லாம் வேண்டிய எரிபொருள் எங்கிருந்து வருகிறது? உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து என்று எவரும் சொல்லிவிடலாம். அந்தக் கொழுப்பைத் திறந்து விடும்படி கட்டளையிடுபவர் யார், அந்தக் கட்டளை கொழுப்புச் செல்லின் உள்ளே எவ்வாறு நிறைவேறுகிறது என்று கேட்டால்தான் விடை சொல்வது கடினம். அந்த விடையைத் தேடித் தந்தவர் எர்ல் வில்பர் சதர்லாண்டு. உயிர்வேதியியல் படிப்போர் அனைவரும் அறிந்த பெயர் அது. எனினும் நம் பாடப் புத்தகத்தில் அவர் கண்டுபிடிப்புக்கு இரண்டு வரிகளும் ஒரு படமும்தான் கிடைத்திருக்கின்றன. அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றி நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலே பர்லிங்கேம் என்றொரு சிற்றூர். அங்கே 1915ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் சதர்லாண்டு பிறந்தார். ஆறு குழந்தைகளில் அவர் ஐந்தாமவர். தந்தையார் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்தவர். பிறகு நியூ மெக்சிகோவிலும் ஓக்லஹோமாவிலும் பயிர்த்தொழில் செய்து, கடைசியில் பர்லிங்கேமில் துணிக்கடை வைத்தவர். சிறுவன் எர்லுக்கு மீன் பிடிப்பதில் கொள்ளை ஆசை. அந்தப் பழக்கம் அவரைக் கடைசி வரை விடவில்லை. பள்ளியில் டென்னிஸ், கூடைப்பந்து, கால்பந்து என்று எல்லா ஆட்டங்களிலும் முன்னால் நின்றார். பின்னாளில் நோபல் பரிசு பெறப்போகும் பிள்ளை என்று சொல்லத்தக்க அறிகுறி எதுவும் அந்தப் பருவத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இது ஒருவகையில் ஆறுதலாகவே இருக்கிறது.

1930களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி உலுக்கியது. வங்கிகள் கதவடைத்தன, கடைகள் நொடித்தன. சதர்லாண்டின் தந்தையார் சேர்த்து வைத்ததும் கரைந்து போயிற்று. 1933இல் மகன் டொபீகா நகரிலுள்ள வாஷ்பர்ன் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டிலிருந்து பணம் வர வழியில்லை. உதவித்தொகை கொஞ்சம் கிடைத்தது. மற்றதற்கு மருத்துவமனை ஒன்றில் உதவியாளாக வேலை பார்த்தார். பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை. இப்படி நான்கு ஆண்டுகள் ஓடின. 1937இல் பி.எஸ். பட்டம் பெற்றார். கடைக்கோ வேலைக்கோ போய்வந்து, இடைப்பட்ட நேரத்தில் படிக்கும் மாணவர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நான்கு ஆண்டுகளை நான் விவரிக்கத் தேவையில்லை.

அடுத்து அவர் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய வாழ்வின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது. அங்கே கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற கணவனும் மனைவியும் ஆய்வு செய்துகொண்டிருந்தனர். பிராக் நகரிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் அவர்கள். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சேர்த்து வைக்கப்படும் மாவுச்சத்து எவ்வாறு உடைந்து சர்க்கரையாகிறது என்பதே அவர்களுடைய ஆய்வு. அதற்காக 1947இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த ஒரே ஆய்வுக்கூடத்தில் பயின்றும் பணிபுரிந்தும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றோர் அறுவர்: ஓச்சோவா, கோர்ன்பெர்க், லெலுவார், டி டியூவ், கிரெப்ஸ், சதர்லாண்டு. இப்படியோர் ஆய்வுக்கூடம் உலகில் வேறு எங்கே உண்டு என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

1942இல் சதர்லாண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். உடனே போர் அழைத்தது. ஜெனரல் பாட்டனின் படையில் மருத்துவராக ஐரோப்பாவுக்குச் சென்றார். பிறகு ஜெர்மனியில் ஒரு படை மருத்துவமனையிலும் பணியாற்றினார். போர் முடிந்து 1945இல் திரும்பியபோது அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மருத்துவத் தொழில். மதிப்பும் உண்டு, வருவாயும் உண்டு. மற்றொன்று ஆய்வு. அதில் எது கிடைக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. வறுமையைக் கண்ணால் கண்ட பிள்ளை முதல் வழியைத்தான் எடுப்பான் என்றே நாம் நினைப்போம். அவர் கோரியின் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் ஹார்மோன்களைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அட்ரினலினை 1901ஆம் ஆண்டிலேயே தூய நிலையில் பிரித்தெடுத்துவிட்டனர். இன்சுலின் 1921இல் கிடைத்துவிட்டது. அட்ரினலினை ஊசி மூலம் ஏற்றினால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பதும் தெரியும். ஆனால் அது எப்படி நிகழ்கிறது என்பது மட்டும் இருட்டாகவே இருந்தது. செல் முழுதாக இருந்தால்தான் ஹார்மோன் வேலை செய்யும், உடைத்து அரைத்துவிட்டால் செய்யாது என்பது அந்நாளைய அறிஞர் பலரின் எண்ணம். கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் மணி காட்டாதல்லவா, அதைப் போல. செல்லை உடைக்காமல் உள்ளே இருப்பதைப் பார்ப்பது எங்ஙனம்? உடைத்தாலோ பார்க்க வேண்டியது மறைந்துவிடுகிறது! இந்த முட்டுச்சந்தில்தான் சதர்லாண்டு நின்றார்.

முதலில் அவர் கல்லீரலை மெல்லிய சீவல்களாக்கி அட்ரினலினும் குளுக்ககானும் சேர்த்துப் பார்த்தார். கிளைகோஜன் பல படிகளைக் கடந்துதான் குளுக்கோஸ் ஆகிறது. அந்தப் படிகளில் ஹார்மோன் கை வைப்பது எதிலே? முதற்படியில் வேலை செய்யும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியில்தான் என்று அவர் கண்டார். சும்மா இருக்கும் பாஸ்பாரிலேஸ், ஹார்மோன் வந்ததும் விழித்துக்கொள்கிறது. 1953இல் கிளீவ்லாந்து நகரின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவரானார். அங்கே வொசிலைட் என்பவரோடு சேர்ந்து, இந்த விழிப்புக்குக் காரணம் நொதியின்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்வதே என்று கண்டறிந்தார். அதே காலத்தில் சியாட்டில் நகரில் கிரெப்ஸும் ஃபிஷரும் தசையில் இதையே கண்டனர்.

இனித்தான் கதையின் மிகச் சுவையான பகுதி. தியோடர் ரால் என்ற இளைஞரும் பெல்ஜியத்திலிருந்து வந்த ழாக் பெர்த்தே என்பவரும் சதர்லாண்டுடன் சேர்ந்தார்கள். கல்லீரலை அரைத்துக் கூழாக்கி, அதில் ஏ.டி.பி.யும் மெக்னீசியமும் சேர்த்து, ஹார்மோனை ஊற்றினார்கள். பாஸ்பாரிலேஸ் விழித்தது! செல் உடைந்த பின்னும் ஹார்மோன் வேலை செய்கிறது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. ஆனால் அந்தக் கூழை மையவிலக்குப் பொறியில் சுழற்றி, கசடை நீக்கி, மேலே நின்ற தெளிந்த நீரில் ஹார்மோனை ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. நீக்கிய கசடைத் திரும்பச் சேர்த்தால் மறுபடியும் நடக்கிறது. வேறொருவராயிருந்தால் கசட்டைக் குறை சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். இவர்களோ கசட்டைத் தனியே எடுத்து, அதில் ஹார்மோனும் ஏ.டி.பி.யும் சேர்த்துச் சற்று நேரம் வைத்தார்கள். பிறகு கொதிக்க வைத்தார்கள். கொதிக்க வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு உறைவது போல் புரதங்களெல்லாம் உறைந்து போகும். நொதி எதுவும் உயிர் பிழைக்காது. உறைந்ததை நீக்கி, எஞ்சிய தெளிந்த நீரில் சில துளிகளைப் பழைய தெளிந்த நீரோடு சேர்த்தார்கள். பாஸ்பாரிலேஸ் விழித்துக்கொண்டது!

நண்பர்களே, இந்தச் சோதனையின் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கசடு என்று ஒதுக்கியதில் செல்லின் சவ்வுத் துணுக்குகள் இருந்தன. ஹார்மோன் அந்தச் சவ்வோடு நின்றுவிடுகிறது. சவ்வு அதற்கு மறுமொழியாக ஏதோ ஒரு சிறு பொருளைச் செய்து உள்ளே அனுப்புகிறது. கொதித்தாலும் அழியாத அந்தச் சிறு பொருள்தான் உள்ளே சென்று நொதியை எழுப்புகிறது. தபால்காரர் வாசல் வரைதான் வருவார். கடிதத்தை வாங்கி உள்ளறைக்குக் கொண்டு செல்வது வீட்டுப் பிள்ளையின் வேலை. ஹார்மோன் முதல் தூதன். அந்தச் சிறு பொருள் இரண்டாவது தூதன்.

அந்தப் பொருள் யாது என்று கண்டுபிடித்த வரலாறும் வேடிக்கையானது. மிகச் சிறிதளவே கிடைத்த அப்பொருளின் அமைப்பை அறியச் சதர்லாண்டு தவித்தார். பெதஸ்டாவிலிருந்த தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் லியோன் ஹெப்பெல் என்ற வேதியியலாருக்குக் கடிதம் எழுதினார். அவரே எதிர்பாராத வகையில், செயின்ட் லூயி நகரிலிருந்து டேவிட் லிப்கின் என்பவரும் ஹெப்பெலுக்கு எழுதியிருந்தார். ஏ.டி.பி.யைப் பேரியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரியச் செய்தபோது புதுமையான பொருள் ஒன்று கிடைத்தது என்பது அவர் செய்தி. இரண்டு கடிதங்களும் ஒரே மேசையில் கிடந்தன. இரண்டையும் படித்த ஹெப்பெலுக்குப் பொறி தட்டியது. இருவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி அல்லவா! இருவரையும் அவர் இணைத்து வைத்தார். உயிருள்ள கல்லீரல் செய்ததும், சோதனைக் குழாயில் வேதியியலார் செய்ததும் ஒன்றே என்று தெளிவாயிற்று. அதுவே வளைய ஏ.எம்.பி. எனப்படும் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏ.டி.பி.யிலிருந்து இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்று, எஞ்சிய ஒன்று வளைந்து தன் மூலக்கூறையே இரண்டு இடங்களில் பற்றிக்கொண்டால் அது கிடைக்கும். சவ்விலிருந்து அதைச் செய்யும் நொதிக்கு அடினைல் சைக்ளேஸ் என்று பெயர். 1962இல் அந்த நொதியைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் சதர்லாண்டு, ரால் ஆகியோருடன் மேனன் என்ற பெயரும் அச்சாகியிருக்கிறது. நமக்குப் பழக்கமான பெயரை அங்கே கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்.

புதிய கருத்தை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை. அட்ரினலின், குளுக்ககான், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சிறுநீரகத்தில் நீரைத் தடுக்கும் ஹார்மோன் என்று வெவ்வேறு தூதர்கள் வெவ்வேறு செய்திகளோடு வருகிறார்கள். அத்தனை பேருக்கும் உள்ளே ஒரே ஏவலாளா என்று பலர் நகைத்தார்கள். நியாயமான ஐயம்தான். அதற்கு விடை செல்லின் தன்மையிலேயே இருக்கிறது. எந்தத் தூதனை வாசலில் வரவேற்பது என்பதை அந்தந்தச் செல்லின் ஏற்பிகள் முடிவு செய்கின்றன. உள்ளே எந்த வேலை நடக்கும் என்பதை அந்தச் செல்லில் இருக்கும் நொதிகள் முடிவு செய்கின்றன. கல்லீரலில் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகினால் சர்க்கரை வெளியேறும். கொழுப்புச் செல்லில் பெருகினால் கொழுப்பு கரையும்.

எதிர்ப்பாளர்களோடு சதர்லாண்டு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு ஹார்மோன் சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாகத்தான் வேலை செய்கிறது என்று ஏற்க வேண்டுமானால் நான்கு சோதனைகளில் அது தேற வேண்டும் என்று தமக்குத் தாமே கடுமையான விதி வகுத்துக்கொண்டார். உடைத்த செல்லில் அந்த ஹார்மோன் சைக்ளேஸைத் தூண்ட வேண்டும். முழுச் செல்லினுள் சைக்ளிக் ஏ.எம்.பி.யின் அளவு உயர வேண்டும். அதுவும் ஹார்மோனின் விளைவுக்குப் பின்னால் அல்ல, முன்னால் அல்லது உடன் உயர வேண்டும். சைக்ளிக் ஏ.எம்.பி.யை அழிக்கும் நொதியைத் தியோபிலின் போன்ற மருந்தால் தடுத்தால் ஹார்மோனின் விளைவு ஓங்க வேண்டும். கடைசியாக, ஹார்மோனே இல்லாமல் சைக்ளிக் ஏ.எம்.பி.யையோ அதன் உறவுப் பொருளையோ வெளியிலிருந்து கொடுத்தாலும் அதே விளைவு வர வேண்டும்.

1963இல் அவர் டென்னசி மாநிலத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். கற்பிக்கும் சுமை குறைந்து, ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் என்பதே காரணம். அங்கேதான் கொழுப்பு இந்தக் கதையில் முழுதாக நுழைகிறது. புட்ச்சர் என்பவரும் சதர்லாண்டும் மற்றவர்களும் எலியின் கொழுப்புத் திசுவை எடுத்து அட்ரினலினில் இட்டார்கள். சில நிமிடங்களுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. உயர்ந்தது, தொடர்ந்து கொழுப்பு உடைந்தது. இன்சுலினைச் சேர்த்தால் உயர்ந்தது தாழ்ந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இந்த ஆய்வுகள் நான்கு விதிகளையும் கொழுப்புச் செல்லில் நிறைவு செய்துவிட்டன எனலாம்.

இங்கே என் தந்தையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும். அவர் சந்தையில் மூட்டை தூக்குபவர். விடியலில் பழைய சோறு உண்டுவிட்டுப் போனால் பிற்பகல் வரை வேறு உணவு கிடையாது. கல்லூரிக்கு வந்து இதைப் படிக்கும் வரை, அவர் உடம்பினுள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மனித இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம்தான். கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன் ஏறக்குறைய 100 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்று கொண்டால் 400 கலோரி. அது மூட்டை தூக்குவோருக்கு எத்தனை நேரம் தாங்கும்? ஆனால் கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவது. உடம்பில் 10 கிலோ கொழுப்பு இருந்தால் 90,000 கலோரி கையிருப்பு.

காலையில் உண்டதன் தாக்கம் தணியத் தணிய இன்சுலின் குறைகிறது. மூட்டை முதுகில் ஏறியதும் அட்ரினலினும், நரம்பு முனைகளிலிருந்து நார் அட்ரினலினும் சுரக்கின்றன. அவை கொழுப்புச் செல்லின் சவ்விலுள்ள பீட்டா ஏற்பியைத் தொடுகின்றன. சைக்ளேஸ் வேலை செய்து சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது. அது புரோட்டீன் கைனேஸ் என்ற நொதியை விடுவிக்கிறது. கொழுப்புச் செல்லினுள் ஒரே பெரிய எண்ணெய்த்துளி இருக்கிறது. அதைப் பெரிலிபின் என்ற புரதம் காவல்காரன் போலச் சூழ்ந்து நிற்கிறது. கைனேஸ் வந்து பெரிலிபினில் பாஸ்பேட்டை ஒட்டியதும் காவல் தளர்கிறது. கொழுப்பை வெட்டும் லைபேஸ் நொதிகள் உள்ளே புகுகின்றன. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலும் ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக வெட்டப்படுகின்றன. கொழுப்பு அமிலங்கள் தனியே நீரில் கரையாதவை. ஆகவே இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் தோளில் ஏறித் தசைக்கும் இதயத்துக்கும் போகின்றன. கிளிசரால் கல்லீரலுக்குச் சென்று சர்க்கரையாக மாறுகிறது. மூட்டை சுமக்கும் மனிதரின் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு சுமை கூலி வேலை நடந்துகொண்டிருக்கிறது! இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அந்த ஆல்புமினுக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று கேட்டார்.

கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று சுவரொட்டிகளில் கூவி விற்பதை நம்புவோர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கொழுப்பு உடைவது வேறு, எரிவது வேறு. உடைந்து வெளிவந்த கொழுப்பு அமிலத்தை உழைப்பில் எரிக்காவிட்டால், அது மீண்டும் கொழுப்பாகவே கோக்கப்பட்டுவிடும். மாறாக, இன்சுலினே சுரக்காத நீரிழிவு நோயாளியின் உடம்பில் கொழுப்பு தடையின்றி உடைகிறது. கல்லீரல் அதைக் கீட்டோன் பொருள்களாக்கி இரத்தத்தையே அமிலமாக்கிவிடுகிறது. அது உயிருக்கே ஆபத்து. சைக்ளிக் ஏ.எம்.பி.யை அழிக்கும் நொதியைத் தூண்டி இந்த உடைப்புக்கு அணை போடுவது இன்சுலின் செய்யும் பெரும் பணிகளுள் ஒன்று.

1965இல் சதர்லாண்டும் மாக்மனும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவிலும் சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டார்கள். ஹார்மோனே இல்லாத உயிரிலும் அதே பொருள்! சர்க்கரை தீர்ந்தால் அங்கே அது பெருகுகிறது. பசியின் அடையாளமாக அது எத்தனை பழமையானது என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது. நகைத்தவர்கள் அதற்குப் பிறகு ஓய்ந்தார்கள். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் சைக்ளிக் ஏ.எம்.பி.யை நோக்கித் திரும்பின.

1971ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு சதர்லாண்டுக்கு அளிக்கப்பட்டது. இருவரோ மூவரோ பகிர்ந்துகொள்வதே வழக்கமாகிவிட்ட அப்பரிசை அந்த ஆண்டு அவர் ஒருவரே பெற்றார். 1973இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கமும் வந்தது. அதே ஆண்டு மயாமி பல்கலைக்கழகத்தில் புதிய பணியை ஏற்றார். கடற்கரை நகரம், மீன் பிடிப்பதில் ஆசை கொண்டவருக்கு ஏற்ற ஊர். ஆனால் அங்கே அவர் ஓராண்டுகூட வாழவில்லை. உணவுக்குழாயில் ஏற்பட்ட பெரும் குருதிப்போக்கினால் 1974ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.

அவர் திறந்த கதவின் வழியே மற்றவர்கள் நுழைந்தார்கள். ஏற்பிக்கும் சைக்ளேஸுக்கும் நடுவே ஜி-புரதம் என்ற இடைத்தரகன் இருக்கிறான் என்று கண்ட ராட்பெல்லும் கில்மனும் 1994இல் நோபல் பரிசு பெற்றனர். ராட்பெல் தம் ஆய்வுகளில் எலியின் கொழுப்புச் செல்களையும் பயன்படுத்தினார். பாஸ்பேட் ஒட்டும் முறைக்காகக் கிரெப்ஸும் ஃபிஷரும் 1992இலும், ஏற்பிகளுக்காக லெப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012இலும் பெற்றனர். கொழுப்பை முதலில் வெட்டுவது ஹார்மோனுக்கு மறுமொழி தரும் லைபேஸ் நொதிதான் என்று எல்லோரும் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2004இல் அதற்கு முன்பே கத்தி வைக்கும் இன்னொரு லைபேஸ் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் கொழுப்பு அமிலத்தை அது வெட்டுகிறது. பழைய லைபேஸுக்கு வெட்டக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்போது சதர்லாண்டு மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.